களறிக்கறியும் இத்தாலி ஒயினும்

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து எங்கள் அறையில் சஹன் வைக்கும்போது என் இடம் ஜன்னல் பக்கம். சஹன் என்றால் பெரிய வட்டத் தட்டு. நடுவில் நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே கறியை ஊற்றி, சுற்றி உட்கார்ந்து எல்லாரும் அந்த ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவார்கள். தென்கடற்கரையில் இருக்கும் முஸ்லிம் ஊர்களின் வழக்கம் அது. நான் அந்த ஊர்க்காரன் இல்லை. அந்த மார்க்கமும் இல்லை. எனக்குச் சிவகங்கைப் பக்கம், மழையை நம்பி விதைக்கிற ஒரு ஊர்.

எங்கள் வீட்டில் ஒருவர் தட்டில் இன்னொருவர் கைவைக்க மாட்டோம். செம்பில் தண்ணீர் குடித்தால் உதடு படக் கூடாது, தலையை அண்ணாந்து ஊற்றிக்கொள்ள வேண்டும். தெரியாமல் வாய் வைத்துவிட்டால் அம்மா செம்பைப் பிடுங்கிப் புளி போட்டுத் தேய்ப்பாள். அப்படி வளர்ந்தவனுக்கு, துபாயில், கராமாவில் அந்தப் பழைய கட்டடத்து அறைக்குக் குடிவந்த முதல் வெள்ளிக்கிழமை, இரண்டு பேர் கை அளையும் தட்டுக்கு முன்னால் உட்காரவே கூச்சமாக இருந்தது. தனித்தட்டு கேட்கவும் வாய் வரவில்லை. என் கை மடியிலேயே இருந்தது.

அறையில் மூத்தவரை நாங்கள் காக்கா என்று கூப்பிடுவோம். அவர்கள் ஊரில் அண்ணனுக்கு அதுதான் சொல். மீனா பஜாரில் ஒரு அத்தர் கடையில் விற்பனைக்கு நிற்கிறார். அறுபதை நெருங்கிவிட்டார். அன்று அவர் என் முகத்தைப் பார்க்காமலேயே நல்ல துண்டு ஒன்றை எலும்பிலிருந்து பிய்த்து என் பக்கம் தள்ளினார்.

"சாப்புடு தம்பி. தட்டுல அது ஒம் பக்கம். அங்க எங்க கை வராது."

அப்படியே ஆயிற்று. அவர்கள் கை ஒருநாளும் என் பக்கம் வந்ததில்லை, நல்ல துண்டைத் தள்ளிவிடுவதற்குத் தவிர. கொஞ்ச நாளில் அந்தக் கணக்கையும் நான் மறந்துபோனேன். என் கைதான் அவர்கள் பக்கம் போக ஆரம்பித்தது.

மூன்றாவது ஆள் செல்போன் கடையில் வேலை பார்ப்பவர். காக்காவின் ஊர்க்காரர்தான். முப்பது வயது, ஊரில் மனைவியும் கைக்குழந்தையும். வாய் ஓயாத மனிதர். என்னை அண்ணே என்பார். "அண்ணே, நீங்க பேசுறதுக்கு ஏதாச்சும் ரீசார்ஜ் பண்ணணுமா?" என்று கேலி செய்வார். நான் சிரித்துவிட்டு வெங்காயம் உரிப்பேன். வெள்ளிக்கிழமை காலையில் மார்க்கெட்டுக்குப் போய் ஆட்டுக்கறி வாங்கி வருவதும் வெங்காயம் உரிப்பதும் என் வேலை. ஆக்குவது காக்கா.

அவர் ஆக்குவது களறிக்கறி. அவர்கள் ஊர்க் கல்யாணத்தில் பெரிய சட்டியில் விறகு வைத்து ஆக்குவார்களாம். அதற்கான மசாலாவை அவர் வீட்டில் வறுத்து அரைத்து, லீவு முடிந்து திரும்பும் யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். அந்தப் பொட்டலம் வந்த வாரம் அறையில் அத்தர் வாடைகூட அடங்கிவிடும்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், இந்தச் சாப்பாட்டை நான் கொண்டுபோய் எங்கே வைத்தேன் என்று சொல்ல வேண்டியிருப்பதுதான்.

நான் முதலில் வேலை பார்த்த சூப்பர்மார்க்கெட்டை மூடிவிட்டார்கள். சில மாதம் வேலை இல்லை. அந்த மாதங்களிலும் சஹனில் என் பக்கத்துச் சோறு குறையவில்லை. பிறகு, அங்கே என்னோடு வேலை பார்த்த மலையாளிச் சேட்டன் ஒருவர், பர் துபாயில் அவர் சேர்ந்திருந்த கடையிலேயே என்னையும் சேர்த்துவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் அது என்ன கடை என்று தெரியாது. கண்ணாடி முழுக்க இருட்டுத் தாள் ஒட்டியிருக்கும். உள்ளே போனால் சுவர் முழுக்க பாட்டில். விஸ்கி, பீர், ஒயின். எல்லாம் சட்டப்படி நடக்கும் கடைதான். வாங்குகிறவர்கள் உள்ளே இருப்பது தெரியாத பையில் வாங்கிக்கொண்டு, தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவார்கள். நானும் அப்படித்தான் தெருவைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைவேன்.

நான் குடிப்பதில்லை. அது பெருமை இல்லை, பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

வேலை கிடைத்த அன்று காக்கா எனக்காகச் சந்தோஷப்பட்டார். "என்ன கட தம்பி?"

"சாமான் கடைதான் காக்கா. ஸ்டோர்ல வேல."

பின்கட்டில் அட்டைப்பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன், அதனால் அது முழுப்பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நாளாக ஆக, சொல்வதற்கான இடமே இல்லாமல் போயிற்று. விற்பது மட்டும் இல்லை, அதைச் சுமப்பதும் அவர்களுக்கு விலக்கு என்று எனக்குத் தெரியும். காக்காவே ஒருமுறை வேறு யாரையோ பற்றிப் பேசும்போது சொல்லியிருக்கிறார். நான் சுமந்து சம்பாதித்ததில்தான் வெள்ளிக்கிழமைக் கறியை வாங்கி வந்துகொண்டிருந்தேன்.

பிறகு கடையில் முன்பக்கம் நின்று விற்கிற ஒருவர் வேலையை விட்டுப் போனார். அந்த இடத்துக்கு என்னை மாற்றினார்கள். கடையை நடத்தும் மேடம் கோவாக்காரர், கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. "பாயீ, முன்னால நிக்கணும்னா பேசத் தெரியணும்" என்று இந்தியில் சொல்லி, அந்த வாரம் நடக்க இருந்த பயிற்சிக்கு என் பெயரையும் சேர்த்தார்.

பயிற்சி என்பது இதுதான். இத்தாலியிலிருந்து ஒரு புது சிவப்பு ஒயின் வந்திருந்தது. அதை இறக்குமதி செய்யும் கம்பெனியிலிருந்து ஒரு இத்தாலிக்காரர் வந்து, அதை எப்படி விற்க வேண்டும், எந்தச் சாப்பாட்டோடு சேரும் என்றெல்லாம் சொல்லித்தருவார். காலையில் கடை திறப்பதற்கு முன்னால் மாடியில் ஒரு மேஜையைச் சுற்றி நின்றோம். ஆறேழு பேர் இருப்போம். அந்த இத்தாலிக்காரர் என்னைவிட இளையவர், சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். மூன்று விதத் திராட்சையைக் கலந்து செய்த ஒயின் என்றார். சாஞ்சொவேசே அவர்கள் ஊர்த் திராட்சை, அது புளிப்பைத் தரும். கேபர்னே கெட்டியையும் துவர்ப்பையும் தரும். மெர்லோ இரண்டையும் தடவிக்கொடுத்து ஒன்றாக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மரப்பீப்பாயில் வைத்திருந்து பிறகு கலப்பார்களாம். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைச் சேட்டன் என் காதருகே பாதித் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். "போல்டாணு" என்றார் சேட்டன். "கெட்டியாயிட்டு, முன்னால வந்நு நிக்கும். நம்மளப் போலே பின்னால போயி ஒளியாது."

ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் ஊற்றினார்கள். வாயில் வைத்துச் சுழற்றிவிட்டு, மேஜை மேல் இருந்த வெள்ளி நிற வாளியில் துப்ப வேண்டும். பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால், சாப்பிடுகிற மேஜையில், வாயில் போட்டதை எப்படித் துப்புவது என்று நான் திகைத்துக்கொண்டிருந்தபோதே இன்னொன்று நடந்தது. கிளாஸ் ஒன்று குறைந்தது. "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுலயே பாத்துக்குங்க" என்று சேட்டனையும் என்னையும் பார்த்து மேடம் சொன்னார். சேட்டன் குடித்தார், சுழற்றினார், துப்பினார், கிளாஸை என்னிடம் நீட்டினார். விளிம்பில் அவர் உதடு பட்ட ஈரம் தெரிந்தது.

யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். கை தானாக உயர்ந்தது. தலை தானாகப் பின்னால் சாய்ந்தது. செம்பைத் தூக்குவதுபோல் அந்தக் கிளாஸைத் தூக்கி, உதடு படாமல் வாய்க்குள் ஊற்றினேன்.

செம்புக்கு வெளியே மடிந்த விளிம்பு உண்டு, தண்ணீர் நூல்போல இறங்கும். ஒயின் கிளாஸ் அப்படி இல்லை. மொத்தமும் ஒரேயடியாகக் கவிழ்ந்தது. மூக்கில், தாடையில், கழுத்தில், வெள்ளைச் சீருடைச் சட்டை முழுவதும். கொஞ்சம் தொண்டைக்குள்ளும் போய்விட்டது. இருமினேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"நஹானே ஆயே ஹோ க்யா, பாயீ?" என்றார் மேடம். குளிக்கவா வந்தாய் என்று. எல்லாரும் சிரித்தார்கள். யாரோ போனை எடுத்தார். சேட்டன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தோறும் மூன்று கை படும் தட்டில் சாப்பிடுகிறவனுக்கு இங்கே எங்கிருந்து எச்சில் பார்க்க வந்தது என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை. காது சுட்டது. அந்த மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாமா என்றிருந்தது.

அந்த இத்தாலிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. காகிதக் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். எல்லாரையும் கையமர்த்திவிட்டு, என்னை அந்த வெட்கத்திலிருந்து வெளியே கொண்டுவரத்தான் என்று நினைக்கிறேன், என்ன ருசி தெரிந்தது என்று என்னிடமே கேட்டார்.

நாவல்பழம் தின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளுமே, அந்தத் துவர்ப்பு என்றேன். சேட்டன் எப்படியோ மொழிபெயர்த்தார். இத்தாலிக்காரர் முகம் மலர்ந்தது. அந்தத் துவர்ப்புதான் இதன் முதுகெலும்பு என்றார். வெறும் வாயில் குடித்தால் முரடாக இருக்கும், கொழுப்புள்ள கறியோடு குடித்தால் கொழுப்பு அந்தத் துவர்ப்பைக் கழுவும், துவர்ப்பு கொழுப்பைக் கழுவும் என்றார். மீனோடு வேண்டாம், வாயில் இரும்பு நாற்றம் வரும். மிளகாய் காரமும் ஆகாது, எரிச்சல் இரண்டு மடங்காகும். அவர்கள் ஊரில் சுட்ட ஆட்டு விலா, தக்காளியில் வெகுநேரம் வெந்த கொத்துக்கறி, காளான், பழைய பாலாடைக்கட்டி இதெல்லாம் வைப்பார்களாம். சொல்லிவிட்டு, உங்கள் வீட்டில் இதற்கு எதைக் கொடுப்பீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். சேட்டன் தேங்காய்க்கொத்து போட்ட மாட்டுக்கறி என்றார். நல்லது, மிளகு அளவாக இருந்தால் என்றார் அவர்.

பிறகு என்னைப் பார்த்தார்.

என் வீட்டில் என்ன ஆக்குவார்கள் என்று யோசித்தால் எனக்குக் கருவாட்டுக் குழம்புதான் நினைவுக்கு வரும். வாய் வேறு ஒன்றைச் சொன்னது. களறிக்கறி என்றேன்.

அதோடு நிறுத்தவில்லை. மிளகாய் கொஞ்சம்தான், மல்லி நிறைய, தேங்காயும் முந்திரியும் அரைத்து ஊற்றுவது, எலும்பும் கொழுப்புமாக ஆட்டுக்கறி, அடித்தீயைக் குறைத்துவிட்டு மூடிவைத்து எண்ணெய் மேலே மிதக்கும்வரை காத்திருப்பது, நெய்ச்சோறு, பக்கத்தில் கத்தரிக்காயும் மாங்காயும் போட்ட ஒரு கூட்டு. காக்கா ஆக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தது எல்லாம் இந்தியிலும் தமிழிலும் கையிலுமாக வந்துகொண்டே இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தாலிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, மல்லி, கொழுப்பு, தேங்காய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு கண்ணைத் திறந்து, இதற்காகவே செய்த ஒயின் என்றார். மேடம் கைதட்டினார்.

நான் பேசி இத்தனை பேர் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்க முடியாது. ஈரச் சட்டையோடு நின்றுகொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இப்போது அதிகம் கூசுகிறது.

மதியம் தாண்டும்வரை பின்கட்டில் வேலை பார்க்கவைத்து, பிறகு சட்டை மாற்றிக்கொண்டு சாயங்காலம் வா என்று மேடம் அனுப்பிவிட்டார். மெட்ரோவில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மூலையில் நின்றேன். பக்கத்தில் இருந்த பெண்மணி ஒருவர் நகர்ந்துகொண்டார். அறைக்கு வந்தால் காக்கா இருந்தார், மதியத்துக்குக் கடை மூடி ஓய்வுக்கு வந்திருந்தார்.

"என்னப்பா இது, ரத்தமா?" என்று பதறி எழுந்தார்.

"இல்ல காக்கா. ஜூஸ். மாதுளம் ஜூஸ் கொட்டிருச்சு."

அவர் மூக்குக்கு வாடை தெரியாது. நாள் முழுக்க அத்தர் மோந்து மோந்து மூக்கு செத்துப்போச்சு என்று அவரே சொல்வார். நான் சட்டையைக் கழற்றி வாளியில் போடப் போனேன். அவர் வாங்கிக்கொண்டார்.

"சும்மா சோப்பு போட்டா மாதுளக் கற போவாது. எலுமிச்சம்பழம் இரிக்கு, கொண்டா. நீ போயி குளி."

"நான் தொவச்சுக்கிறேன் காக்கா."

"ஒனக்குத் தெரியாது. குடு இங்க."

குழாயடியில் குந்தி உட்கார்ந்து உப்பும் எலுமிச்சையும் போட்டு அந்தச் சட்டையைக் கசக்கினார். தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடியது. அப்போது சொல்லியிருக்கலாம். பக்கத்தில்தான் நின்றேன். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அலசி முடித்து, பால்கனியில் காயப்போட்டுவிட்டு, "பாத்தியா, பாதி போயிருச்சு" என்றார். பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டது. கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டுத் தொழப் போனார்.

அடுத்த வாரம் கடையில் அந்த ஒயின் அடுக்கியிருந்த அலமாரியில் ஒரு அட்டை தொங்கியது. அந்த இறக்குமதிக் கம்பெனி அச்சடித்து அனுப்பியது. பாட்டில் படம், பக்கத்தில் ஆங்கிலத்தில், களறி மட்டன் கறியோடும் நெய்ச்சோறோடும் பிரமாதமாக இருக்கும் என்று. மேடம் என் தோளைத் தட்டி, "உன்னோடது" என்றார். தமிழ் ஆட்கள் வந்தால் அட்டைக்கு முன்னால் நின்று சிரிப்பார்கள், படம் எடுப்பார்கள், ஒரு பாட்டில் வாங்கியும் போவார்கள். அட்டையை எடுத்துவிடலாமா மேடம் என்று ஒருமுறை மெல்லக் கேட்டேன். "பாகல் ஹோ க்யா?" என்று விட்டார், பைத்தியமா என்று. சரி மேடம் என்று பாட்டில்களைத் துடைக்கப் போனேன்.

அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. ஊரிலிருந்து புது மசாலாப் பொட்டலம் வந்திருந்தது. நான் கறி வாங்கி வந்தேன், வெங்காயம் உரித்தேன். அவர்கள் இரண்டு பேரும் ஜும்மாவுக்குப் போய்த் திரும்பினார்கள். காக்கா சஹனை நடுவில் வைத்தார். களறிக்கறியின் எண்ணெய் நெய்ச்சோற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அன்றைக்குச் சாயங்கால டூட்டி, அவசரம் இல்லை.

நாலு வாய் சாப்பிட்டிருப்போம். செல்போன் கடைக்காரர் இடது கையால் போனைத் தடவிக்கொண்டிருந்தவர் திடீரென்று சிரித்தார்.

"காக்கா, இங்க பாருங்க, ஊரு குரூப்புல என்ன வந்திரிக்குன்னு. நம்ம களறிக்கறிக்கு நிக்காஹ் பேசிட்டானுவோ!"

"யாரோட?"

"சாராய பாட்டிலோட."

"சாப்புடுறப்ப என்ன பேச்சு இது?"

"மெய்யாலுமே காக்கா. துபாய்ல ஒரு சரக்குக் கடையில எழுதிப் போட்டிரிக்கான். களறிக்கறிக்கும் நெய்ச்சோத்துக்கும் இந்த ஒயின் பொருத்தமாம். பத்துப் பொருத்தமும் பாத்திருப்பான் போல. குரூப்பே கொந்தளிக்குது. பள்ளிவாசல் அசரத்துகூட ஏதோ வாய்ஸ் போட்டிரிக்காரு." போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். "எந்த எடுபட்ட பய இந்த வேல பாத்தான்னு தெரியல. கையில கெடச்சான்..."

"சஹன்ல உக்காந்துகிட்டு ஏசாத" என்றார் காக்கா. கண்ணாடி போடாமல் கண்ணைச் சுருக்கிப் படத்தைப் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "நம்மூரு ஆளு எவனோ அங்க நிக்கிறான். வயித்துப்பாடு. போயிட்டான், சரி. ஆனா, பெத்து வளத்து ஆக்கிப் போட்ட உம்மாட சோத்தையுமா கொண்டுபோயி அங்க வைக்கணும்?"

என் கையில் பிசைந்த சோறு இருந்தது. அதை வாயில் போடவும் முடியவில்லை, தட்டில் வைக்கவும் முடியவில்லை. எவனோ ஒரு ஊர்க்காரன் மேல் அந்தப் பழி போய் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான் அப்படி இருக்கக்கூடியவன்தான். ஆனால் என் கை அவர் கைக்கு ஒரு சாண் தள்ளி அதே தட்டில் இருந்தது.

"ஊர் ஆள் இல்ல காக்கா" என்றேன். "நான்தான் சொன்னேன். நான் வேல பாக்குற கடதான் அது."

செல்போன் கடைக்காரர் சிரித்தார். "அண்ணே, நீங்க ஜோக்கெல்லாம் சொல்றியளா!" பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். போனைக் கவிழ்த்து வைத்தார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. சஹனில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மற்றவர் எழுந்தால், சாப்பிடுகிறவரை எழுப்பிவிட்டதுபோல. அதனால் எல்லாரும் முடிக்கும்வரை எல்லாரும் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு அது தெரியும். நான் எழுந்தால் அவர்களும் பட்டினியாக எழுவார்கள். அதனால் என்னாலும் எழ முடியவில்லை.

காக்கா தன் பக்கத்துச் சோற்றை விரலால் ஒதுக்கினார். பிறகு கேட்டார்.

"அன்னிக்கு ஒஞ் சட்டயில இரிந்தது?"

நான் தலையை அசைத்தேன்.

"மாதுளம் ஜூஸுன்னியே."

கையில் இருந்த சோற்றைத் தட்டில் என் பக்கம் வைத்தேன்.

"அந்தக் கையோட போயி அஸர் தொழுதேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. என்னிடம் சொன்னதுபோலவும் இல்லை, தனக்குள் ஏதோ சரிபார்த்துக்கொள்வதுபோல இருந்தது. தன் வலது கையைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தார். நெய்யும் மசாலாவும் ஒட்டியிருந்த கை.

"காக்கா..."

"சாப்புடு. ஆறிப்போவுது."

சாப்பிட்டோம். மூன்று பேரும், சோறு தீரும்வரை. மெல்லும் சத்தமும் ஏ.சி. சத்தமும்தான். அவர் என் பக்கம் துண்டு எதையும் தள்ளவில்லை. நானும் என் பக்கத்தை விட்டுக் கையை நகர்த்தவில்லை. அவ்வளவு ருசியான கறியை அத்தனை கஷ்டப்பட்டு நான் விழுங்கியதில்லை.

சாயங்காலம் டூட்டிக்குப் போனதும் முதல் வேலையாக அந்த அட்டையைக் கழற்றினேன். மேடம் பார்த்துவிட்டார். என்ன இது என்றார். என் இந்தி எப்போதும் இல்லாத அளவுக்கு நேராக வந்தது. "மேடம், அது என் சாப்பாடு இல்ல. இன்னொருத்தர் வீட்டுச் சாப்பாடு. அவர்கிட்ட நான் கேக்கல." அவர் அட்டையை என் கையிலிருந்து வாங்கி மேஜையில் போட்டார். முன்பக்கத்துக்கு நீ சரிப்பட மாட்டாய் என்றார். மறுநாளிலிருந்து நான் மறுபடியும் பின்கட்டில் பெட்டி தூக்குகிறேன். அலமாரியில் இப்போது வேறு அட்டை இருக்கிறது: சுட்ட ஆட்டு விலா, காளான், பாலாடைக்கட்டி. அந்த அட்டையால் யாருக்கும் எந்த மனத்தாங்கலும் இல்லை. படம் மட்டும் இன்னும் யார் யார் போனிலோ சுற்றிக்கொண்டிருக்கும்.

வேலையை விட்டிருக்கலாம் என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். நானும் நினைத்தேன். ஊரில் மகள் நர்சிங் படிக்கிறாள். விடவில்லை.

அறையை விட்டுப் போகச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. நானே போய்விடலாம் என்று பக்கத்துக் கட்டடத்தில் ஒரு கட்டில் கேட்டுவைத்தேன். அதைச் சொன்னபோது செல்போன் கடைக்காரர், "எங்க போறிய? வெங்காயம் யாரு உரிப்பா? என் கண்ணு என்ன ஓசியா?" என்றார். காக்கா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "இரி" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் நான் பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பியபோது, சமையல் மேடையில் ஏற்கெனவே ஒரு பை இருந்தது. காக்கா விடியற்காலையில் பஜ்ர் தொழுதுவிட்டு அப்படியே போய் வாங்கி வந்திருந்தார்.

"நீ எதுக்கு அலையிற. வெங்காயத்த மட்டும் உரி" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. பையில் கோழி இருந்தது.

அன்றைக்குக் கோழிக் குழம்பும் வெள்ளைச் சோறும். நன்றாகத்தான் இருந்தது. ஜன்னல் பக்கம் என் இடம் அப்படியே இருந்தது. ஒரு தொடைக்கறித் துண்டு என் பக்கம் வந்தது. அதற்கடுத்த வாரமும் கோழி. அதற்கும் அடுத்த வாரம் முட்டை ஆணம், குழம்பைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். செல்போன் கடைக்காரர் ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "காக்கா, களறிக்கறி ஆக்கி நாளாச்சே?" என்றார்.

"மசாலா தீந்துபோச்சு" என்றார் காக்கா.

மசாலாப் பொட்டலம் மேல் அலமாரியில், அரிசி டப்பாவுக்குப் பின்னால், பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். அவர் என்னைத் தட்டிலிருந்து விலக்கவில்லை. தட்டிலிருந்து அந்தக் கறியை விலக்கிவிட்டார். என்னால் அவர்கள் இரண்டு பேருக்கும் அது இல்லாமல் போயிற்று. என்னை ஏசியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியது. பெருநாளன்று களறிக்கறி இல்லாமல் அந்த அறையில் நான் பார்த்ததில்லை. முந்தின நாள் காக்கா கட்டிலில் உட்கார்ந்து பெருநாள் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வாசல் பக்கம் நின்றபடியே ஆரம்பித்தேன்.

"காக்கா, நாளைக்கி களறிக்கறி ஆக்குங்க. மசாலா இருக்கு, நான் பாத்தேன். நான் பகல் டூட்டி கேட்டு வாங்கிட்டேன். ராத்திரிதான் வருவேன். நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கோபம் வந்துவிட்டது என்று அவர் காது மடல் சிவந்ததில் தெரிந்தது. இத்தனை நாளில் முதல் தடவை.

"பெருநாளும் அதுவுமா ஒன்ன வெளிய அனுப்பிட்டு நாங்க உள்ள உக்காந்து திங்கவா? என்ன ஆளுன்னு நெனச்சே எங்கள?"

"இல்ல காக்கா, என்னாலதான..."

"ஒன்னாலதான். அதுக்கு?" என்றார். பிறகு மறுபடியும் பெட்டியை எடுத்துக் காலரைத் தேய்த்தார். "டூட்டிய மாத்திட்டு வா. தொழுதுட்டு வந்ததும் சாப்பாடு. வெங்காயம் ரெண்டு கிலோ உரி, ஆளு வரும்."

"என்ன ஆக்குறிய காக்கா?"

"கோழி" என்றார்.